பேசாமல் நிற்க ஒருவர்

விசாரணைக்குத் துணையாக யார் போவது என்ற கேள்விக்கு விடை தெரியாமலேயே போன வாரக் கதையில் அந்த வீட்டில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தார்கள். காலையில் மூவரும் எழுந்தபோது கேள்வியும் கூடவே எழுந்துகொண்டது.

தொடரின் நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். தம்பி ஒரு லிஃப்ட் மெக்கானிக். அவன் மனைவி நகரப் பேருந்து ஓட்டுகிறாள். டிப்போவில் அவளுக்கு 'நிதானம்' என்று பட்டப்பெயர். இப்போது வீட்டிலும் அதுவே நிலைத்துவிட்டது. மூன்றாவது ஆள் தம்பியின் அக்கா. தெருமுனையில் தையற்கடை வைத்திருக்கிறாள். எல்லோருக்கும் டெய்லரக்கா.

மூன்று வாரங்களுக்கு முன்னால், காலை நேரக் கூட்டத்தில், நிதானம் தன் வண்டியை நடுவழியில் ஓரங்கட்டி ஒன்பது நிமிடம் நிறுத்திவிட்டாள். திக்கிப் பேசும் கண்டக்டர் ஒருவரை ஒரு பயணி கேலி செய்து, அவர் கையிலிருந்த டிக்கெட் மெஷினைப் பிடுங்கிக் கீழே எறிந்ததுதான் காரணம். அந்தப் பயணியே மறுநாள் புகாரும் கொடுத்துவிட்டார். குற்றம் உறுதியானால் நிதானத்தின் கையிலிருந்து ஸ்டியரிங் போய்விடும். மிச்ச சர்வீஸ் முழுக்க உதிரிபாகக் கிடங்கில் நட்டும் போல்ட்டும் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதுதான். அந்த ஸ்டியரிங்கைப் பிடிக்க அவள் எட்டு வருடம் மனு மேல் மனு போட்டவள்.

டெய்லரக்கா இந்தக் கதையைத் தன் கடையில் ஐம்பது தடவையாவது சொல்லியிருப்பாள். "எங்க வீட்டுப் பொண்ணு அவனைக் கிழி கிழின்னு கிழிச்சுட்டா!" என்று கத்தரிக்கோலை ஆட்டி ஆட்டிச் சொல்லும்போது, பேன்ட் அளவு கொடுக்க வந்தவர்கள் இரண்டடி தள்ளி நின்றுதான் கேட்பார்கள்.

காலையில் தம்பி டிப்போவின் கடிதத்தை மறுபடி படித்தான்.

"விசாரணைக்கு உட்படுபவர் துணைக்கு ஒருவரை அழைத்து வரலாம். துணைக்கு வருபவர் பேசக் கூடாது. அவ்வளவுதானே? நான் லீவு போடறேன்" என்றான்.

நிதானம் ஷூவுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டே, "வேணாம். அண்ணி வரட்டும்" என்றாள்.

தம்பிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அக்காவா? பேசக் கூடாதுன்னு போட்டிருக்கு. இன்னொரு தடவை படிச்சுக் காட்டவா?"

"எனக்கு என்னடா, பேசாம இருக்கத் தெரியாதா?" என்று ஆரம்பித்த டெய்லரக்கா, தனக்குப் பேசாமல் இருக்கத் தெரியும் என்பதை அடுத்த பத்து நிமிடம் விடாமல் விளக்கினாள்.

உண்மையில் அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். தன்னைக் கூப்பிட்டுவிட்டாளே! அந்த வீட்டில் எல்லோருக்காகவும் பேசுவது அவள்தான். வீட்டு உரிமையாளரிடம் தண்ணீர்க் குழாய்க்காகப் பேசுவாள். பக்கத்து வீட்டு வாசலில் நிற்கும் வண்டிக்காகப் பேசுவாள். தம்பிக்குப் பெண் கேட்டுப் போய் அவன் சார்பில் 'சரி' சொன்னதும் அவள்தான். ஒருவருக்குத் துணையாக இருப்பது என்றால் அவருக்காக வாயைத் திறப்பது. இதைத் தவிர வேறு அர்த்தம் இருப்பதாக அவளுக்கு இதுநாள்வரை தோன்றியதில்லை.

அதோடு உள்ளுக்குள் ஒரு தெம்பும் இருந்தது. பத்து நாளைக்கு முன் யாரிடமும் சொல்லாமல் அவள் டிப்போவுக்கு ஒரு கடிதம் போட்டிருந்தாள். தம்பியின் பெயரில் எழுதி, தம்பியின் கையெழுத்தையும் அவளே போட்டிருந்தாள்.

அவளைப் பொறுத்தவரை அது தப்பே இல்லை. அம்மாவும் அப்பாவும் போனபோது தம்பிக்கு வயது ஒன்பது. அன்றிலிருந்து அவனுடைய பள்ளிக்கூட லீவு லெட்டர் எல்லாம் அவள் எழுதியதுதான். 'தலைசுற்றல் காரணமாக' என்று ஒரு வரி. எந்த வாத்தியாரும் அதை மறுத்துக் கேட்டதில்லை. அதே கை, அதே பழக்கத்தில், இப்போதும் எழுதிவிட்டது. 'என் மனைவிக்கு அன்று தலைசுற்றல். அதனால்தான் வண்டியை நிறுத்தினாள். பெரிய மனது வைத்து மன்னிக்கவும்.' வேலை கச்சிதமாக முடிந்தது என்று நினைத்துத் தபாலில் சேர்த்துவிட்டு, வந்து நிம்மதியாகத் தூங்கினாள்.

டிப்போ வாசலில் வண்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். தண்ணீரும் டீசலும் கலந்து தரையில் வழுக்கியது. நிதானம் வழக்கம்போல் ஒவ்வொரு வண்டியின் டயரையும் பார்த்துக்கொண்டே நடந்தாள். அவள் விரல்கள் மட்டும் சட்டை விளிம்பைத் திருகியபடி இருந்தன.

"பயமா இருக்கா?" என்று கேட்டாள் டெய்லரக்கா.

"இருக்கு அண்ணி."

"நான் இருக்கேன்ல?"

"அதான் கூப்பிட்டேன்."

விசாரணை நடந்த அறையில் நான்கே நாற்காலிகள். ஒன்றில் விசாரணை அதிகாரி. ஐம்பது வயதிருக்கும் பெண்மணி, கண்ணாடியைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். ஒன்றில் டிப்போ மேலாளர். ஒன்றில் தட்டச்சு செய்பவர். மிச்சம் இருந்தது நிதானத்துக்கு. துணைக்கு வந்தவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொள்ள வேண்டும்.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

டெய்லரக்கா வாயைத் திறந்தாள். விதி ஞாபகம் வந்து மூடினாள்.

"அதுக்குப் பதில் சொல்லலாம்மா."

"நாத்தனார்" என்று ஒரே சொல்லில் நிறுத்திக்கொண்டாள். அவள் வாழ்க்கையிலேயே மிகச் சிறிய வாக்கியம் அது. நிதானம் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனாலும் அவள் கன்னத்தின் ஓரத்தில் ஒரு சிரிப்பு தெரிந்தது.

மேலாளர் ஆரம்பித்தார். "நாப்பத்தி ரெண்டு பேர் வண்டிக்குள்ள. ஆபீஸ் போறவங்க, ஆஸ்பத்திரி போறவங்க. ஒன்பது நிமிஷம் நிறுத்தி வச்சிருக்கீங்க. சண்டை போடறதுக்கா உங்க கையில வண்டியைக் குடுத்தோம்?"

நிதானம் பதிலை மனதுக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். டெய்லரக்காவிடம் அதற்குள் ஆறு பதில்கள் தயாராகிவிட்டன. ஒவ்வொன்றும் மேலாளரின் தலையில் நச்சென்று இறங்கக்கூடியது. அவற்றையெல்லாம் விழுங்குவதற்காக அவள் மேலாளரின் சட்டைப் பொத்தான்களை எண்ணினாள். மூன்றாவது பொத்தான் வேறு நிற நூலில், அவசரத்தில் தைக்கப்பட்டிருந்தது. இதைப்பற்றிக்கூட ஒரு வார்த்தை சொல்ல முடியாத நிலைமை வந்துவிட்டதே என்று நொந்துகொண்டாள்.

"கண்டக்டரே புகார் குடுக்கல. அவருக்கு இல்லாத அக்கறை உங்களுக்கு என்ன?" என்றார் மேலாளர்.

"அவரு தற்காலிக வேலையில இருக்கறவரு சார். மறுநாளே வேற டிப்போவுக்கு மாத்திட்டாங்க. எப்படிக் குடுப்பாரு?"

"சரி, நீங்க அந்தப் பயணியை என்ன சொன்னீங்க? சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுங்க" என்றார் அதிகாரி.

"ஒண்ணும் சொல்லல மேடம்."

டெய்லரக்காவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒன்றும் சொல்லவில்லையா? அப்படியென்றால் கடையில் தான் ஐம்பது தடவை சொன்ன கதை?

"ஒண்ணும் சொல்லாமலா ஒன்பது நிமிஷம்?"

நிதானம் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். "மெஷின் கீழ விழுந்ததும் கண்டக்டர் அவர்கிட்ட பேச ஆரம்பிச்சாரு மேடம். முதல் எழுத்துலயே நின்னுடுச்சு. சுத்தி இருந்தவங்க சிரிச்சாங்க. எனக்கு எழுந்துபோய் நாலு வார்த்தை கேக்கணும்னுதான் வந்துச்சு. ஆனா அது அவரு கேக்க வேண்டியது. அவரு கேக்க வேண்டியதை நான் கேட்டா, உனக்குப் பேச வராது, நீ சும்மா இருன்னு நானும் சொன்ன மாதிரி ஆயிடும். வண்டி ஓடிட்டு இருந்தா அந்தாளு அடுத்த ஸ்டாப்புல இறங்கிப் போயிடுவாரு. அதான் ஓரங்கட்டிட்டு, எழுந்துபோய் அவரு பக்கத்துல நின்னேன்."

"அப்புறம்?"

"அவரு மூணு தடவை பாதியிலேயே விட்டாரு. நாலாவது தடவை முழுசாச் சொன்னாரு."

"என்ன சொன்னார்?"

"'என் மெஷினை எடுத்துக் குடுங்க.' அவ்வளவுதான் மேடம். அந்தாளு எடுத்துக் குடுத்தாரு. வண்டியை எடுத்துட்டேன்."

தட்டச்சு செய்பவரின் விரல்கள் நின்றிருந்தன. மேலாளர் எதையோ தேடுவதுபோல மேஜை மீதிருந்த காகிதங்களைப் புரட்டினார்.

டெய்லரக்காவுக்கு முழங்கால் வலித்தது. நாளெல்லாம் மெஷின் முன்னால் உட்கார்ந்தே பழகிய கால்கள், ஒரு மணி நேரம் நிற்கச் சொன்னால் கேட்குமா? ஆனால் அவள் மனம் காலில் இல்லை. அது ஆறு வருடம் பின்னால் போய்விட்டது.

அவள் தன் கணவன் வீட்டை விட்டு வெளியேறிய நாள் அது. இரண்டு பக்கத்துச் சொந்தங்களும் கூடி, ஆளாளுக்குப் பேசித் தீர்த்தார்கள். தம்பி கூடக் கத்தினான். அவன் மனைவி, கல்யாணமாகி மூன்றே மாதமான பெண், ஒன்றுமே பேசவில்லை. தையல் மெஷினின் தலையைத் தனியாகக் கழற்றி, இரண்டு கைகளிலும் தாங்கிக்கொண்டு, டெய்லரக்காவின் தோளை ஒட்டி நின்றாள். இரும்பு மெஷின், என்ன கனம் கனக்கும்! கீழே வைக்கச் சொன்னபோதும் வைக்கவில்லை. எல்லாம் பேசி ஓய்ந்த பிறகு, "போலாமா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள். அந்த மெஷினை வைத்துத்தான் இன்று கடையே ஓடுகிறது.

'எல்லாரும் எனக்காகப் பேசினாங்க, இவ மட்டும் வாயே திறக்கலையே' என்று ஒரு சின்னக் குறை டெய்லரக்காவுக்கு அன்றிலிருந்து இருந்தது. ஆறு வருடக் குறை. இப்போது, கால் கடுக்க நின்றுகொண்டிருக்கும் இந்த நிமிடத்தில், அது இருந்த இடம் தெரியாமல் போயிற்று. அன்றைக்குப் பேசியவர்கள் சொன்னதில் ஒரு வார்த்தை கூட அவளுக்கு நினைவில்லை. தோளை ஒட்டி ஒருத்தி நின்றது மட்டும் நினைவிருக்கிறது. இவளுக்கு நான் ஒரு நன்றி கூடச் சொன்னதில்லையே என்று அவளுக்கு உறைத்தது.

அப்போதுதான் அதிகாரி கோப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்தார்.

"நீங்க சொல்றதை நான் நம்பறேன்னே வச்சுக்குவோம். அப்ப இது என்ன?"

டெய்லரக்காவின் முகத்தில் ஈயாடவில்லை. மடித்த மடிப்பு கூட அவள் மடித்ததுதான்.

"உங்க வீட்டுக்காரர் எழுதியிருக்கார். அன்னைக்கு உங்களுக்குத் தலைசுத்தலாம். இது உண்மைன்னா, புகார் இன்னையோட முடிஞ்சுது. உடம்பு முடியாம வண்டியை ஓரங்கட்டினது குத்தமில்ல. ஆனா தலைசுத்தல் இருக்கற ஆள் கையில ஸ்டியரிங் குடுக்க முடியாது. கிடங்குக்குத்தான் போகணும். இது பொய்ன்னா, உங்க வீட்டுக்காரர் பொய் எழுதியிருக்கார். எது?"

நிதானம் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். ஒரு பார்வை போதும். தினமும் தைத்த துணி மூட்டைகளில் குத்தியிருக்கும் சீட்டுகளில் பார்த்துப் பழகிய எழுத்து அது. அவள் திரும்பவில்லை. தலையைக் கூடத் தூக்கவில்லை.

"சொல்லுங்க. எது?"

ஒரு வரி போதும், தலைசுற்றல் என்ற பேச்சே போய் ஸ்டியரிங் கிடைக்க வழி பிறக்கும். 'இது அண்ணி எழுதினது.' அதைச் சொல்லாமல் அவள் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சொல்ல மாட்டாள் என்று டெய்லரக்காவுக்குத் தெரிந்துவிட்டது. வாங்க எட்டு வருடம் பிடித்ததை இந்த எட்டு நொடியில் விட்டுக்கொடுத்துக்கொண்டிருக்கிறாள். யாருக்காக? தனக்காக!

பேசக் கூடாது என்பது விதி. பேசினால் வெளியே அனுப்பிவிடுவார்கள். அப்புறம் அவளுக்குப் பின்னால் யாரும் இருக்க மாட்டார்கள். டெய்லரக்கா திண்டாடினாள். பிறகு, வகுப்பில் பிள்ளைகள் தூக்குவதுபோலக் கையைத் தூக்கினாள்.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "என்னம்மா?"

டெய்லரக்கா கடிதத்தைச் சுட்டிக் காட்டினாள். பிறகு அதே விரலைத் தன் நெஞ்சில் வைத்தாள்.

"பேசுங்க. இது ஒண்ணைப் பத்தி மட்டும்" என்றார் அதிகாரி.

"நான் எழுதினது. பொய். அவளுக்குத் தலைசுத்தலும் கிடையாது ஒண்ணும் கிடையாது. என் தம்பிக்கு இது தெரியவே தெரியாது." அவ்வளவுதான். மன்னிப்பு, காரணம், பள்ளிக்கூடத்து லீவு லெட்டர், தாய் தகப்பன் இல்லாத கதை எல்லாம் நாக்கு நுனியில் வரிசை கட்டி நின்றன. ஒன்றையும் வெளியே விடவில்லை. இது நிதானத்தின் விசாரணை, தன்னுடையது அல்ல என்று அவளுக்கு முதன்முறையாகப் புரிந்திருந்தது.

"அடுத்தவங்க கையெழுத்தைப் போடறது எங்க கொண்டுபோய் விடும்னு தெரியுமா உங்களுக்கு?"

டெய்லரக்கா தலையை மட்டும் ஆட்டினாள்.

அதிகாரி நெடுநேரம் எழுதினார். பிறகு மேலாளரிடம், "திங்கக்கிழமைக்கு ஒத்தி வைக்கறேன். அந்தக் கண்டக்டரை வரச் சொல்லுங்க. நான் அவர்கிட்டயே கேக்கறேன். அவர் சொல்லி முடிக்க எவ்வளவு நேரமானாலும் பரவாயில்ல" என்றார். நிதானம் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"தலைசுத்தல்னு ஒரு காகிதம் கோப்புல ஏறிடுச்சு. அதனால டாக்டர் சர்ட்டிஃபிகேட் வேணும். அதுவரைக்கும் நீங்க வண்டி எடுக்க முடியாது. உங்க வீட்டுக்காரரும் வந்து, இது என் கையெழுத்து இல்லைன்னு எழுதித் தரணும். அவர் எழுதறதை வச்சுத்தான் இவங்க விஷயத்துல என்ன செய்யறதுன்னு முடிவாகும்." அவர் பார்வை டெய்லரக்காவின் பக்கம் போய் வந்தது. "இன்னொண்ணு. அடுத்த தடவை துணைக்கு வேற யாரையாவது கூட்டிட்டு வந்துக்கோங்க. உங்களுக்குத்தான் நல்லது."

"இல்ல மேடம். இவங்களே வரட்டும்" என்றாள் நிதானம்.

அவள் யோசிக்கக்கூட இல்லை. டெய்லரக்கா நாற்காலியின் முதுகை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

திரும்பும்போது பேருந்தில் நல்ல கூட்டம். இரண்டு பேரும் கம்பியைப் பிடித்தபடி நின்றார்கள். மூன்று நிறுத்தங்கள் தாண்டும்வரை டெய்லரக்கா வாயைத் திறக்கவில்லை.

"விசாரணை முடிஞ்சிடுச்சு அண்ணி. இப்ப பேசலாம்" என்றாள் நிதானம்.

"உன் ஸ்டியரிங்குக்கு நானே உலை வச்சுட்டேனேம்மா."

"ஆமா" என்றாள் நிதானம். அவளுக்குப் பொய்யாகச் சமாதானம் சொல்ல வராது. "எனக்குக் கோபம் இல்லாம இல்ல. வீட்டுக்குப் போய் நிதானமாத் திட்டறேன்."

டெய்லரக்கா அழுகையும் சிரிப்புமாக மூக்கை உறிஞ்சினாள்.

"ஆனா ஒண்ணு அண்ணி. அன்னைக்கு கண்டக்டர் பக்கத்துல போய் நின்னப்ப எனக்குக் கால் வெடவெடன்னு நடுங்குச்சு. எனக்குப் பின்னால யாருமே இல்ல. இன்னைக்கு நாற்காலிக்குப் பின்னால நீங்க மூச்சு விடற சத்தம் கேட்டுட்டே இருந்துச்சு. அதனாலதான் முழுசாச் சொல்ல முடிஞ்சுது. உங்க தம்பின்னா சும்மாவே நின்னு கேட்டுட்டு இருந்திருப்பாரு. நீங்க எனக்காக வாயை மூடிட்டு நின்னீங்க. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியும்."

"அந்த மெஷினைத் தூக்கிட்டு நின்னியே, என் வீட்டுக்காரன் வீட்டு வாசல்ல... உனக்குக் கை வலிக்கலையா?"

"ரெண்டு நாளைக்குத் தூக்கவே முடியல."

"சொல்லவே இல்லையே நீ!"

"நீங்க கேக்கவே இல்லையே."

"தேங்க்ஸ்ம்மா" என்றாள் டெய்லரக்கா. ஆறு வருடம் தாமதமான அந்தச் சொல் பேருந்துக் கூட்டத்தில் சத்தமாகவே விழுந்தது. முன்னால் நின்றவர் தனக்குத்தான் சொல்கிறாளோ என்று திரும்பிப் பார்த்தார். நிதானம் கம்பியில் தன் கையை நகர்த்தி அவள் கையோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

தெருவுக்குள் நுழையும்போது டெய்லரக்காவின் நடை தளர்ந்தது. தம்பியை நினைத்துத்தான். அவன் கையெழுத்துப் போட்டால்தான் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் ஓடும். சரிபார்க்காத லிஃப்டுக்கு, முதலாளியே கெஞ்சினாலும், அவன் பேனாவைத் தொட மாட்டான். போன வருடம் இதற்காகவே ஒரு வேலையை உதறிவிட்டு வந்தவன். அவனிடம் போய் என்னவென்று சொல்வது? திங்கட்கிழமை 'இது என் கையெழுத்து இல்லை' என்று எழுதினால் அக்கா மாட்டுவாள். 'என்னுடையதுதான்' என்று எழுதினால் மனைவியின் ஸ்டியரிங் போகும். தன் பெயரும் போகும்.

அவன் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து வாசலிலேயே காத்திருந்தான். கையில் கரண்டி, டீ போட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

"என்னாச்சு? அக்கா பேசாம இருந்துச்சா?"

இரண்டு பேரும் சிரிக்கவில்லை. அவன் முகம் மாறியது. "என்ன? யாராவது சொல்லுங்களேன்."

டெய்லரக்கா நிதானத்தைப் பார்த்தாள். நீயே சொல்லேன் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். நிதானம் சொல்லவில்லை. உள்ளே போய் முகம் கழுவிக்கொள்ளவும் இல்லை. ஷூவைக் கூடக் கழற்றாமல் வந்து, டெய்லரக்காவின் தோளை ஒட்டி நின்றாள்.

ஊருக்கே பேசுகிற வாய்க்கு முதல் எழுத்து வரவில்லை. "தம்பி... உன்..." என்று நின்றுவிட்டது. அவன் குறுக்கே ஏதோ கேட்க வந்தான். நிதானம் பொறு என்று கையைக் காட்டினாள். தெருவில் ஒரு சைக்கிள் மணியடித்துப் போனது. டெய்லரக்கா தோளில் நிதானத்தின் தோள் பட்டுக்கொண்டே இருந்தது.

"உன் கையெழுத்தை நான் போட்டுட்டேன்டா" என்றாள்.